தண்ணிகேட்டான் கல்

சாமி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உனக்கு இதுவரை போட்ட கடுதாசி அத்தனையும் அப்படித்தான் தொடங்கினேன். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, விட்டுவிடுகிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். கோபமெல்லாம் இந்த வீட்டில் அம்மாவுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து என்று சொல்லிச் சிரித்தவன்தானே நீ. இந்தக் கடுதாசியை எந்தப் பெட்டியில் போடுவது என்றும் எனக்குத் தெரியாது. பட்டாளத்து விலாசத்துக்குப் போன தடவை போட்டது, மேலே இங்கிலீஷில் ஏதோ கிறுக்கித் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் உன்னிடம் பேசியாக வேண்டும். புதுச்சத்திரத்து ரோட்டோரம் கல்தச்சர் புது நடுகல்லை முக்கால்வாசி செதுக்கி முடித்துவிட்டு, ஓர் ஓரத்தில் மட்டும் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டுவிட்டு, உளியைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த இடம் உனக்காம். நான் 'ம்' என்று சொன்னால் உன் உருவத்தைச் செதுக்கிவிடுவார். நம் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவனுக்குக் கல் வைக்கிற வழக்கம் கிடையாது என்பது உனக்கே தெரியும். அதனால் இந்த 'ம்' என் வாயிலிருந்து வந்தால், நீ செத்துப்போனாய் என்று பெற்றவளே சொன்னதாக ஆகிவிடும்.

தந்தி வந்த அன்றைக்கு நான் களத்தில் சோளம் தூற்றிக்கொண்டிருந்தேன். தமிழ் என்றால் நானே வாசித்துவிடுவேன், ஊருக்கே கடுதாசி வாசித்துச் சொல்கிறவள்தானே. இது இங்கிலீஷ். பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் கொண்டுவந்தார். "காணவில்லைன்னு போட்டிருக்குதுங்கம்மா" என்றார். "செத்துட்டான்னு போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க." "அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வாரீங்க? காணாமப் போனது கிடைக்கும். எங்க செவலை மாடு காணாமப் போயி ராசிபுரத்துச் சந்தையில கிடைக்கலைங்களா?" என்று அவரை விரட்டிவிட்டு மறுபடி முறத்தை எடுத்தேன். பதர் எது மணி எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம் இன்னொரு காகிதம் வந்தது. இறந்திருக்கக்கூடும் என்று கருதுகிறார்களாம். கருதட்டும். பத்து மாசம் சுமந்தவர்களா, கருதுவதற்கு? உன் பெண்டாட்டி பாவாயிடம், "மஞ்சளும் பூவும் வழக்கம்போல இருக்கட்டும், எவளாவது ஏதாவது பேசினா என்கிட்ட அனுப்பு" என்று சொல்லிவிட்டேன். அவளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உன் அத்தை மகள் அல்லவா, அழுத்தக்காரி.

கல்லைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொல்லித் தெரிந்தது. இன்றைக்கு நான் சொல்கிறேன், கேள். நீ அப்போது இடுப்பை விட்டு இறங்கி ஓட ஆரம்பித்திருந்த வயசு. நானும் உங்கய்யனும் ரோட்டை ஒட்டின காட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்தோம். உன்னை வேப்பமரத்தடியில் பச்சைக் கடலையோடு உட்கார வைத்திருந்தேன். சேலத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. உங்கய்யன் முதலில் மோட்டார் என்றுதான் நினைத்தார். ரோட்டைப் பார்த்தால் ரோடு வெறுமனே கிடக்கிறது. நீதான் மேலே கையைக் காட்டினாய். ஆகாயக்கப்பலை அன்றைக்குத்தான் நாங்கள் எல்லாரும் முதல்முதலாகப் பார்த்தோம். பார்த்துச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. சத்தம் விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றே போனது. புகை கிளம்பியது. நம் தலைக்கு மேலே போய்ப் பக்கத்துச் சோளக்காட்டில் விழுந்தது. சனங்கள் எல்லாம் முனி இறங்கிவிட்டது என்று ஊர்ப்பக்கம் ஓடினார்கள். உங்கய்யன் உன்னைத் தூக்கிக்கொண்டார். நான் குடிதண்ணீர்க் கலயத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இன்றுவரைக்கும் எனக்கே தெரியாது. பயப்படத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் வெள்ளைக்காரன், இன்னொருவன் பட்டணத்துத் தமிழ்ப் பையன். இந்தப் பக்கத்து ஆகாயத்தில் கப்பலுக்கு வழி கண்டுபிடிக்க முதன்முதலாகப் புறப்பட்டவர்கள் என்று பின்னால் சேலத்திலிருந்து வந்த துரைமார் சொன்னார்கள். அவர்கள் இங்கிலீஷ் எழுத்தோடு ஒரு தூண் நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தூண் வருகிற பாடாக இல்லை. நம் ஊருக்குப் பொறுக்கவில்லை. நம்ம மண்ணில் அகாலமாக விழுந்தவனைச் சும்மா விடலாமா, விட்டால் ஊருக்கு ஆகுமா? மணியக்காரர் நாமக்கல்லிலிருந்து கல்தச்சரைக் கூட்டிவந்தார். இப்போது உட்கார்ந்திருக்கிறாரே, அவருடைய அப்பா. அந்த மனுஷன் ஆகாயக்கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. உங்கய்யன் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். அவர் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க. குதிரை எங்கீங்க?" என்றார். "குதிரை இல்லீங்க, அது தானாவே போகுமுங்க" என்றால் ஒத்துக்கொண்டால்தானே! வீரன் என்றால் குதிரை வேண்டும், குதிரை இல்லாமல் கல் வைத்தால் அது கல்லே ஆகாது என்று விட்டார். கடைசியில் குதிரையும் வைத்து, உங்கய்யன் போட்ட கோட்டுக்காகக் குதிரைக்குத் தும்பிக்கு இருக்கிற மாதிரி ரெக்கையும் வைத்து, ரெண்டு பேர் கையிலும் வாளும் கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரனுக்கு மீசை வேறு. துரைமார் மறுபடி வந்தபோது கல்லைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எண்ணெயும் மஞ்சளும் பூசிப் படையல் போட்டிருந்ததைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

கல் வைத்தபிறகு ஒரு நாள் மோட்டாரில் ஓர் அம்மாள் வந்து இறங்கினாள். அந்தப் பட்டணத்துப் பையனைப் பெற்றவள். வயசான அம்மாளும் இல்லை, இன்றைக்கு எனக்கு இருக்கிற வயசுதான் இருக்கும். முதலில் போய்ப் பார்த்தது யார் என்று விசாரித்துக்கொண்டு நேராக நம் வாசலுக்கே வந்துவிட்டாள். ஊரே பின்னால் வந்து நின்றது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீதானேம்மா முதல்ல போனது? உயிர் இருந்துதா? ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகவில்லை. அவள் காலடியில் மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பார்த்துக்கொண்டு, அவள் கேட்டு முடிக்கும் முன்னாலேயே, "இருந்துச்சுங்கம்மா. தண்ணி கேட்டாருங்க. குடுத்தேனுங்க. முழுசும் குடிச்சாருங்க" என்றேன். அவள் என் கைகளை விட்டாள். அப்புறம், "அவன் குடிச்ச பாத்திரம் இருக்கா?" என்றாள். இருக்கிறது என்று உள்ளே போய் ஒரு கலயத்தை எடுத்துவந்து கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்ளே கையை விட்டுத் தடவினாள், முந்தானையில் சுற்றி இடுக்கிக்கொண்டாள். "நல்லாயிரு கண்ணு" என்று என் தலையில் கை வைத்துவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டாள்.

சாமி, அவன் தண்ணீர் கேட்கவில்லை. நான் போனபோது கேட்கிற மாதிரி இல்லை. வெள்ளைக்காரன் தள்ளி விழுந்து கிடந்தான், அவனுக்கு உயிர் போயிருந்தது. இந்தப் பையன் உள்ளேயே மாட்டிக்கொண்டு எரிந்துகொண்டிருந்தான். கலயத்தோடு தண்ணீரை அவன்மேல் வீசினேன். கலயம் இரும்பில் பட்டு உடைந்துபோனது. அதற்கு மேல் நான் என்ன பார்த்தேன் என்பதை உங்கய்யனிடம்கூடச் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லமாட்டேன். அந்த அம்மாளுக்குக் கொடுத்தது, பண்டிகைக்காகக் குயவரிடம் வாங்கிவைத்திருந்த புதுக் கலயம். தண்ணீரே பட்டிராதது.

நான் சொன்னது ஒரு தாய்க்கு. கேட்டது ஊர். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒரு வார்த்தை சொன்னேன், அது வேர் பிடித்துவிட்டது. தாகத்தோடு செத்தவனுக்குத் தண்ணீர் ஊற்றாமல் எப்படி என்று ஒருத்தி கல்லுக்குப் பக்கத்தில் பானை வைத்தாள். வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தி, கல்லுக்கு ஒரு கை ஊற்றிவிட்டுத் தாங்கள் குடித்தார்கள். வெளியூருக்குப் போகிறவர்கள், மறுவீடு போகிற பெண்கள், எல்லாரும் ஊற்றினார்கள். தண்ணிகேட்டான் கல் என்று பெயரும் வந்துவிட்டது. திருச்செங்கோட்டுத் தேருக்குப் போகிற கூட்டம்கூட அங்கே நின்று ஊற்றிவிட்டுத்தான் போகும். மழை பொய்த்த வருஷம் கிணற்றில் சேறு மட்டும்தான் மிச்சம், அப்போதும் கல் காயவில்லை. நானும் ஊற்றினேன். ஊற்றும்போதெல்லாம் கல்லைப் பார்க்கமாட்டேன்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டாமலேயே காட்டிவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு விளையாடப் போனாய். புளியம் விளாறால் உன் காலில் வரிவரியாக இழுத்துவிட்டேன். "வாயில்லா சீவனுக்குத் தண்ணி குடுக்காமக் குடுத்தேன்னு சொல்லுவியா? சொல்லுவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். உங்கய்யன் வந்து பிடுங்கியிராவிட்டால் தோலையே உரித்திருப்பேன். அவ்வளவு ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் புரியவில்லை, உனக்கும் புரியவில்லை. இப்போது புரிந்திருக்கும். அந்த அடி உன்மேல் விழவேண்டியது அல்ல கண்ணு.

வளர வளர அந்தக் கல்தான் உனக்கு எல்லாம். சனங்கள் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள், நீ அங்கேயே உட்கார்ந்திருப்பாய். திருச்செங்கோட்டில் ஹைஸ்கூல் படித்தபோது லீவுக்கு வந்தால் முதலில் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாய். "ஏம்மா, ஏரோப்ளேனுக்கு வாலு குதிரை வாலாம்மா?" என்று விழுந்து விழுந்து சிரிப்பாய். "நான் சரியானதா ஒண்ணு வரைஞ்சு தாரேன், மாத்திச் செதுக்கச் சொல்லுங்க" என்பாய். வெறும் சிரிப்பு என்று இருந்துவிட்டேன். சண்டை வந்ததும் ஆகாயப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு வந்து நின்றாய். எனக்கு வந்த கோபத்தில் சோற்றுப்பானையை நங்கென்று வைத்தது நினைவிருக்கிறது. கல்யாணம் செய்துவைத்தால் தங்கிவிடுவாய் என்று பாவாயை அவசரம் அவசரமாகக் கட்டிவைத்தேன். அது என் கணக்கு. அந்தக் கணக்கில் அவள் பிழைப்பை வைத்து ஆடினேன். அப்படிக் கட்டிவைத்திருக்கக் கூடாது. பிள்ளையைக் கட்டிப்போட இன்னொருத்தி பெற்ற பெண்ணைக் கயிறாக்கக் கூடாது. நீயே ஒரு பிள்ளையைப் பெற்று வளர்க்கிற காலத்தில் இதைச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

நீ கிளம்பின காலையில் பஸ் வருவதற்குள் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினாய். ஊற்றிவிட்டுத் திரும்பி, "போயிட்டு வாரேம்மா. எனக்கு என்ன, எங்க விழுந்தாலும் தண்ணி குடுக்க உங்களாட்டம் ஒருத்தி இருக்காமயா போயிடுவா?" என்றாய். பாவாய் உன் வாயைப் பொத்தினாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம், அந்தக் கதை பொய்யடா, யாரும் கொடுக்கவில்லை, கொடுக்க முடியவில்லை, போகாதே என்று. சொன்னாலும் போயிருப்பாய். பட்டாளத்தில் ஏரோப்ளேனுக்குப் பின்பக்கம் துப்பாக்கியோடு உட்காருகிற வேலை என்று எழுதினாய். நான் பார்த்த பையனும் பின்பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். பதிலுக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத் தலையோடு படுக்காதே என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவேன்?

நீ போன பிறகு ரோட்டில் பட்டாளத்து லாரி ஓயாமல் போக ஆரம்பித்தது. ஒரு லாரி வளைவில் திரும்பாமல் கல்லின்மேல் மோதியது. கல் இரண்டாகப் பிளந்து, மீசைக்காரத் துரை ஒரு பக்கமும் பட்டணத்துப் பையன் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். அன்றைக்கே ஊர் கூடிப் பழையபடி புதுக் கல் நிறுத்துவது என்று முடிவு செய்தது. ரோட்டு ஓவர்சியர் வந்து, "இந்தத் தடவையாவது குதிரை எல்லாம் வேண்டாம், நிஜ ஏரோப்ளேன் மாதிரி வைங்க, பாக்கறவன் சிரிக்கிறான்" என்றார். நீ கடுதாசியில் வரைந்து அனுப்பியிருந்த படத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன், மகன் ஆசையாயிற்றே என்று. உங்கய்யன் கூட்டத்தில் வாய் திறக்காத மனுஷன். அன்றைக்கு எழுந்து, "குதிரையே இருக்கட்டுமுங்க. குதிரைன்னா மேல ஆள் இல்லாட்டியும் வழி தெரிஞ்சு ஊடு வந்து சேருமுங்க. ஏரோப்ளேனுக்கு அது தெரியாதுங்க" என்றார். படத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல் செதுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் தந்தி வந்தது. ரெண்டாவது காகிதமும் வந்தபிறகு மணியக்காரர் நாலு பெரியவர்களோடு வந்தார். "தங்கச்சி, மனசைத் தேத்திக்க வேணும். நம்ம பையனும் அவங்களாட்டமே மேல போனவன். அவனையும் அந்தக் கல்லுலயே வெச்சுடலாமுன்னு ஊரு நெனைக்குது" என்றார். "ஊரு நெனைக்கட்டுமுங்க. ஊரா பெத்துச்சு?" என்றேன். "கல்லு வெச்சாத்தான் அவன் ஆத்மா அலையாது." "அலையட்டுமுங்க. அலைஞ்சு அலைஞ்சு ஊடு வந்து சேரட்டும். உசுரோட இருக்கறவனுக்குக் கல்லு வெக்கறீங்களா? உங்க ஊட்டுப் பையனுக்கு வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத வார்த்தைதான். பாவம், பெரிய மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு போனார். பெத்த மனம் பித்து என்று என் காதுபடவே பேசிக்கொண்டு போனார்கள். உங்கய்யன் மட்டும், "ஏம்புள்ளே, எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். நான் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். கல்தச்சரும் அந்த ஓரத்தை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மெல்ல மெல்லச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலையில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஒரு பையன் வந்து இறங்கினான். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை, பெயர் காதர். நீ கடுதாசிக்குக் கடுதாசி எழுதுவாயே, உன் ஏரோப்ளேனுக்கு மிஷின் பார்க்கிறவன், அவனேதான். லீவில் வந்தவன் தன் வீட்டில் ஒரு பொழுது தங்கிவிட்டு இங்கே வந்துவிட்டான். கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துச் சோறு போட்டேன். "சொல்லிட்டுச் சாப்பிடறேங்கம்மா" என்றான். உங்கய்யன் எதிரில் உட்கார்ந்திருந்தார், பாவாய் கதவுக்குப் பின்னால் நின்றாள். "வண்டி விழுந்த எடத்துக்கு நான் போனேங்க. மூங்கில் காட்டுல கெடந்துச்சு." "உசுரு..." என்று உங்கய்யன் ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. "இருந்துச்சுங்கய்யா. தண்ணி கேட்டான். என் கையாலதாங்க குடுத்தேன். குடிச்சான். வலி ஒண்ணும் இல்லீங்கம்மா, தூங்கறாப்பலயே போயிட்டான். உங்க ஊருக் கல்லைப் பத்திச் சொல்லாத நாளே கிடையாதுங்க" என்றான். சொல்லும்போது என்னையும் பார்க்கவில்லை, உங்கய்யனையும் பார்க்கவில்லை. வாசலில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தான்.

"என்னைக்குப் போனே தம்பி?" என்று கேட்டேன். "விழுந்த அன்னைக்கேங்கம்மா" என்றான். அன்றைக்கே ஆள் போய்ப் பார்த்துத் தண்ணீரும் கொடுத்திருந்தால், தந்தியில் காணவில்லை என்று ஏன் வரப்போகிறது? இது தெரியாத முட்டாளா நான்? ரசம் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போனேன். அடுப்பு முன்னால் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! பொய் சொல்கிறான். அவன் போகவே இல்லை, பார்க்கவே இல்லை. அப்படியானால் என் மகன் அந்த மூங்கில் காட்டில் எங்கேயோ இருக்கிறான், யாரோ ஒரு புண்ணியவதி கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறாள், காலில் காயம் பட்டிருக்கும், ஆறினால் வந்துவிடுவான். ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே வந்தேன். அந்தப் பையன் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தான். பிசையவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும் சாமி. கலயத்தை வீசிவிட்டு வந்த அன்றைக்கு நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், சோற்றில் வைத்த கையை எடுக்கவும் தெரியாமல், தின்னவும் தெரியாமல். பார்க்காதவன் தெரியாது என்று சொல்லிவிடுவான். பார்த்தவன்தான் பொய் சொல்லுவான். அன்றைக்குப் போனானோ, வெகுநாள் கழித்துப் போனானோ, இந்தப் பையன் உன்னைப் பார்த்திருக்கிறான்.

ரசத்தை ஊற்றினேன். "சாப்பிடு சாமி" என்றேன். நான் பிசைந்து உருட்டிக் கையில் வைத்துவிட்டேன், தின்றான். அவன் பார்த்ததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏறப்போகும்போது காலில் விழுந்தான். தலையில் கை வைத்து, "நல்லாயிரு கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அந்தப் பட்டணத்து அம்மாளுக்கும் தெரிந்திருக்கிறது. தண்ணீர்க் கறை ஒரு பொட்டு இல்லாத புதுக் கலயத்தை உள்ளே கை விட்டுத் தடவினாளே, பெற்றவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். நான் பார்த்ததை நான் சுமந்துகொள்ளட்டும் என்று அல்ல, நான் அதைச் சொல்லும்படி ஆகவேண்டாம் என்று. இத்தனை வருஷமாக அவளை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை நினைத்து நேற்றுத்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் பாவாய் அதே கதவுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறாள். "அத்தை, அவங்க தண்ணி குடிச்சாங்களா?" என்றாள். அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, "குடிச்சான் சாமி. வயிறு நெறையக் குடிச்சான்" என்றேன். கோழியைப் பார்க்கவில்லை. தந்தி வந்த நாளிலிருந்து அழாதவள் அப்போது என் மடியில் விழுந்து அழுதாள். அழுதுவிட்டுச் சோறு கேட்டுத் தின்றாள். தாலி விஷயத்தில் அவள் என்ன செய்கிறாளோ அது அவள் பாடு. வெள்ளைச் சேலையைத் தூக்கிக்கொண்டு எவளாவது இந்த வாசப்படி ஏறினால் விளக்குமாறு இருக்கிறது. அவளுக்கு உள்ள வயசுக்கு அவள் எழுந்து நடமாடட்டும், அதற்கு நான் இருக்கிறேன்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டுக் கல்தச்சரிடம் போய்வந்தேன். உங்கய்யனும் கூட வந்தார். போகிற வழியில் அவரோடு பேசினேன். "செதுக்குங்க" என்றேன் கல்தச்சரிடம். "குதிரையா, ஏரோப்ளேனுங்களாம்மா?" "அதே குதிரைதானுங்க. அவங்க பின்னாலயே ஏத்தி உடுங்க." அவர் கோடு போட்டார். முன்னால் மீசைக்காரத் துரை, நடுவில் அந்தப் பையன், கடைசியில் நீ. "கையில என்ன வெக்கட்டுமுங்க, வாளுங்களா, துப்பாக்கிங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் வேண்டாமுங்க. கையை ஏந்தினாப்பல வைங்க. கொஞ்சம் குழிவா இருக்கட்டும்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் கையை மட்டும் முடித்துக் காட்டினார். முகம் நாளைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து அடுக்குப் பானையில் தேடினேன், பழைய கலயம் ஒன்று இருந்தது, நீ காட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவாயே, கழுத்து ஒடிந்தது. அதில் கிணற்றுத் தண்ணீர் சேந்திக்கொண்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கல்லைப் பார்த்துக்கொண்டு ஊற்றினேன். முதலில் அந்தப் பையனுக்கு, பிறகு உன் கைக்கு. குழியில் தண்ணீர் நின்றது. நீ கேட்கவில்லை, கேட்கிற மாதிரி இருந்திருக்காது, எனக்குத் தெரியும். இருந்தாலும் கொண்டுவந்திருக்கிறேன். குடி சாமி.

அம்மா